பாலப்பயம்

அக்கா இறந்து ஓராண்டு நிறைந்த நாள் எது என்பதில் ஒரு சிறு குழப்பம் இருந்தது. ஆங்கிலத் தேதி முதலில் வந்தது. திதி அதற்குச் சில நாள் கழித்து வந்தது. ஐயர் குறித்துக் கொடுத்தது திதியைத்தான் என்பதால் படையல் அன்றைக்கு நடந்தது. ஏரி நிரம்பிக் கோடி போன நாள், நடவு தொடங்கிய நாள், தெருவில் யார் பிறந்தார்கள், யார் போனார்கள் என்று குறித்துவைப்பது என் பழக்கம். அந்த இரண்டு நாளையும் குறித்துக்கொண்டேன். மாமாவுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, இரண்டும் ஒட்டவில்லை. படையலன்று உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தார், எழச் சொன்னபோது எழுந்தார், இலையில் வைத்ததைச் சாப்பிட்டார். பிறகு ஆனி முடியப் போகிற சமயத்தில் ஒரு சாயங்காலம் போன் செய்தார்.

"மச்சான், பயம் பயுத்துடுச்சி. நாளிக்கி காத்தால வர்றியா? காட்டுக்குப் போய்ட்டு வரலாம்."

வெளியூர்க்காரர் யாராவது இதைக் கேட்டிருந்தால் திகைத்திருப்பார். எங்கள் உத்திரமேரூர்ப் பக்கம் ழகரம் நாக்கில் நிற்காது. மழை மயையாகும். வழி வயியாகும். பழம் பயமாகும். தின்கிற பழத்துக்கும் நடுங்குகிற பயத்துக்கும் எங்களிடம் ஒரே சொல்தான். அதனால் யாரும் குழம்பிப்போனதில்லை. கூட வருகிற சொல் எது என்று காட்டிக்கொடுத்துவிடும். "பயம் துன்னு" என்றால் ஒன்று, "பயமா கீது" என்றால் மற்றொன்று. அந்தச் சொல் துணையில்லாமல் தனியாக வரும் சமயம் அநேகமாக வாழ்க்கையில் வருவதேயில்லை.

நான் மட்டும் வீட்டில் பழம் என்று சொல்லுவேன். வெளியூர் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் கூட இருந்தவர்கள் செய்த கேலி தாங்காமல், கண்ணாடி முன்னால் நின்று நாக்கை மடித்துப் பழகியது. விடுமுறைக்கு வந்தபோது அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். அதிலிருந்து என்னிடம் பேசும்போது மட்டும் நாக்கை மேலண்ணம் வரைக்கும் சுருட்டி, "தொர வந்துட்டாரு, ஒரு பழ்ழ்ழம் எடுத்து வைங்க" என்பாள். மற்ற எல்லாரிடமும் பயம், என்னிடம் மட்டும் பழ்ழ்ழம். எனக்கு மகன் பிறந்த பிறகும் நிறுத்தவில்லை.

மறுநாள் விடிந்ததும் மாமாவின் வண்டியில் போனோம். காடு என்று சொல்வது எங்கள் பழக்கம். நாலைந்து பாறைக் குன்றுகள், அவற்றை மூடிய மரங்கள், அவ்வளவுதான். அடிவாரத்தில் மாமாவின் நிலம். நிலத்தைத் தாண்டினால் வனத்துறையின் இரும்புக் கதவு. அங்கிருந்து உச்சிக்கு ஒரு ஒற்றையடிப் பாதை போகிறது. மூச்சு வாங்காமல் நடந்தால் அரை மணி நேரத்துக்குள் ஏறிவிடலாம். சமீபத்தில் பாதையோரம் கம்பம் நட்டு, மரங்களின் பெயரைத் தகரத்தில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். உச்சியில் சிமெண்டு பெஞ்சு, குழாய்க் கைப்பிடி, "வியூ பாயிண்ட்" என்று ஒரு பலகை. ஊரில் இன்னும் மொட்டப்பாறை என்றுதான் சொல்கிறார்கள்.

பாதையின் முதல் வளைவில் உசிலை. அதன் இலையைக் காயவைத்து இடித்த பொடியைத்தான் அக்கா தலைக்குத் தேய்ப்பாள். ஷாம்பு நுரை கண்ணை எரிக்கும் என்று கடைசி வரை தொட்டதில்லை. அதைத் தாண்டி வெப்பாலை, இரட்டை இரட்டையாகக் காய் தொங்கிக்கொண்டு. காயா மரம் பூத்து முடிந்துவிட்டிருந்தது. ஒரு கொப்பில் மட்டும் நீலம் கொஞ்சம் மிச்சம். களாச் செடிகள், சூரை முள், முள்ளுக்குள் குன்றிமணிக் கொடி. இவற்றுக்கு மேலே, கரிய முரட்டு உடம்போடு பாலை. ஆனியில் பழுக்கும். வேப்பம்பழ அளவில் மஞ்சள் பழம், நல்ல தித்திப்பு. ஆனால் பால் விடும். பத்துப் பழம் தின்றால் மேலுதடும் கீழுதடும் ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் தடவித்தான் பிரிக்க வேண்டும்.

கல்யாணமான புதிதில், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய மாட்டைத் தேடி இருவரும் இந்தப் பாதையில் ஏறியிருக்கிறார்கள். மாடு தானாக வீட்டுக்குப் போய்விட்டது. இவர்கள் உதடு ஒட்டிக்கொண்டு இறங்கி வந்தார்களாம். அதிலிருந்து ஒவ்வோர் ஆனியிலும் ஒரு நாள் போவது வழக்கமாகிவிட்டது. சில வருடங்கள் நானும் ஒட்டிக்கொண்டேன்.

"வருசத்துல இந்த ஒரு நாளுதான் இவ வாய் மூடும். அதுக்குத்தான் இம்மாந்தூரம் இட்டுக்கினு வரேன்" என்பார் மாமா.

அக்கா உதட்டைப் பிரிக்காமலே ஏதோ திட்டுவாள். அது எங்களுக்குப் புரியாது என்பதில் அவளுக்கு இன்னும் கோபம் வரும்.

பழந்தமிழ்ப் பாட்டில் பிரிவைச் சொல்லும் நிலத்துக்குப் பெயர் கொடுத்த பாலை இந்த மரமா, கீழே நிற்கும் வெப்பாலையா என்று படித்தவர்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. ஒரு முறை இதை அக்காவிடம் விளக்கிக்கொண்டு வந்தேன். "மரத்தப் பாத்தமா, பயத்தத் துன்னமான்னு இல்லாம, இவன் இன்னாடான்னா மரத்துமேல கேஸு நடத்திக்கினு வரான்" என்றாள். இன்று அந்த மரத்தடியில் மாமா நிற்கவில்லை. கீழே சிதறிக் கிடந்த பழத்தை மிதிக்காமல் ஓரமாகக் காலை வைத்து நடந்தார்.

உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு வழுக்குப் பாறை இருக்கிறது. சரிவாக, யானை முதுகு போல. மழைக்காலத்தில் பாசி, கோடையில் பொடி மணல், எப்போதும் வழுக்கும். இரண்டு ஆள் நீளம்தான். அங்கே வந்ததும் அக்கா மாமாவின் மணிக்கட்டைப் பிடிப்பாள். உள்ளங்கையைக் கோத்துக்கொள்ள மாட்டாள். நாலு விரல் மேலே, கட்டைவிரல் கீழே, அந்த விரலின் நகம் நாடி ஓடுகிற இடத்தில் பதியும்.

"ஏ, ரத்தம் கட்டுது. கொஞ்சம் லூசா புடி."

"லூசா புடிச்சா நீ வுட்டுட்டு மின்னால போய்டுவ."

"பயமா கீதுன்னு சொல்லேன். ஒத்துக்கயேன்."

"எனக்கின்னா பயம்? நீ வியப் போறியேன்னு புடிச்சிக்கினு கீறேன்யா."

ஏறும்போதும் இதே பேச்சு, இறங்கும்போதும் இதே பேச்சு. எத்தனை வருடமானாலும் ஒரு சொல் மாறாது. அவள் எதற்கும் பயந்ததாக வாயால் சொன்னதில்லை. பிரசவத்துக்குப் போனபோதும் சொல்லவில்லை. ஏரிக்கரை உடைந்து தெருவுக்குள் தண்ணீர் வந்த இரவிலும் சொல்லவில்லை. வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்ன அன்று, "அப்ப சாயங்காலம் பஸ்ஸுக்குள்ள வூட்டுக்குப் போய்டலாமா?" என்றுதான் கேட்டாள்.

இன்று மாமா பாறையில் நிமிர்ந்து நடந்து ஏறினார். நான் கையை ஊன்றி ஏறினேன்.

மேலே, ஒரு பாலை மரத்தை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்தோம். கிழக்கே ஏரிகள் ஒன்றன் பின் ஒன்றாக, பாதி வற்றி, வெளிறிய சேற்று விளிம்போடு. வடக்கே கல் உடைக்கும் கிரஷரின் தூசி புகை போல நின்றது. அதற்கும் அப்பால், வானம் சுத்தமாக இருக்கிற நாளில், திருமுக்கூடல் பக்கத்து ஆற்று மணல் ஒரு கோடாகத் தெரியும். இன்று தெரியவில்லை. மாமா எப்போதும் போலத் தன் தெருவைத் தேடினார். மொட்டை மாடியில் நீல நிற சிண்டெக்ஸ் டேங்க். அது வந்த வருடத்திலிருந்து இங்கே வந்தால் அக்காவுக்கு முதல் வேலை அதைக் கண்டுபிடிப்பதுதான். "தோ கீது நம்ம டேங்கு" என்று கத்துவாள். ஏதோ அது இடம் மாறிப் போயிருக்கக்கூடும் என்பது போல.

"அன்னிக்கி இங்கதான் வந்து நின்னேன், மச்சான்" என்றார் மாமா.

அந்த நாளைப் பற்றி ஓராண்டாக அவர் என்னிடம் பேசியதில்லை.

அக்கா போன அன்றைக்கு நான் காலை பஸ்ஸில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன், கையில் இளநீரோடு. ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே கட்டில் போட்டிருந்தது. பேச்சு ஒற்றை ஒற்றைச் சொல்லாகக் குறைந்துவிட்டிருந்தது. தண்ணி. காலு. வெளிச்சம். சாப்பாடு என்று ஒன்றைக் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

நான் போனபோது மாமா வாசலில் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். ஹேண்டில்பாரில் துணிப்பை. மாதக் கணக்காக நான் காணாத ஒரு வெளிச்சம் அவர் முகத்தில்.

"மச்சான், வாயத் தொறந்து கேட்டுட்டாடா! பயம்ன்றா. பாலப்பயம். சீசன் இதானே, கரெட்டா ஞாபகம் வெச்சிக்கினு கீறா பாரு. தோ, போனேன் வந்தேன்னு வந்துட்றேன். நீ கூட குந்திக்கினு இரு."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கேட்டது பழமாக இருந்தால் என்ன, மண்ணாக இருந்தால் என்ன, கேட்டாளே என்று உள்ளே போனேன்.

அக்காவின் கண் வாசல் பக்கம் இருந்தது. வண்டிச் சத்தம் தெருமுனையில் திரும்பி மறைந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். "பயம்" என்றாள்.

"அதுக்குத்தான் மாமா போயிருக்காரு. இதோ வந்துடுவாரு" என்றேன்.

அவள் கை மெத்தையிலிருந்து எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. உயிர் இவ்வளவு குறைந்துபோன உடம்பில் அந்தப் பிடிக்கு வேண்டிய பலம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. பிடித்தவள் விடவில்லை. பக்கத்து வீட்டு அம்மா வந்து பால் தொட்டு உதட்டில் வைத்தார். அப்போதும் ஒரு முறை அந்தச் சொல்லைச் சொன்னாள். பிறகு சொல் எதுவும் வரவில்லை, மூச்சு மட்டும். உச்சிவேளைக்கு முன்னால் அதுவும் நின்றுவிட்டது. அவள் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன்.

மாமா வந்தபோது வாசலில் செருப்புகள் சேர்ந்துவிட்டிருந்தன. அவற்றைப் பார்த்துவிட்டு வண்டியை ஸ்டாண்ட் போட மறந்தார். வண்டி சாய்ந்து விழுந்தது. பை மட்டும் கையில் இருந்தது. அதைக் கூடத்து ஆணியில் மாட்டினார். மறுநாள் வாய்க்கரிசி போட வரிசையாக வந்தபோது, அரிசியோடு சேர்த்து மூடிய கையில் இன்னொன்றும் வைத்திருந்தார். மஞ்சளாக அவள் உதட்டில் ஒட்டியதை நான் பார்த்தேன். வேறு யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

கருமாதியன்று கொல்லைப்புறத்தில் இரண்டு பெண்கள் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கீற்றுத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நானும் மாமாவும் கை கழுவிக்கொண்டிருந்தோம்.

"கடசில பயம் பயம்னுச்சாம், பாவம்" என்றாள் ஒருத்தி.

"இருக்காதா பின்ன? தனியா போற வயி. கட்டனவன் பக்கத்துல இருந்தாலாவது தேவல. அந்தாளு எங்கியோ பூட்டானாமே."

"எங்க பூட்டான்?"

"தெர்ல. இன்னா பேஜாரோ."

மாமா கையிலிருந்த சொம்பில் தண்ணீர் அப்படியே நின்றது. அதற்குமுன் அவருக்கு அப்படி ஓர் எண்ணமே வந்திருக்கவில்லை என்பது எனக்கு அந்த முகத்தில் தெரிந்தது. பிறகு மீதித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனார்.

இன்று, பெஞ்சில், மாமா பேச்சைத் தொடர்ந்தார்.

"கீய இருந்த மரத்தையெல்லாம் கொரங்கு மொட்டையடிச்சி வெச்சிருந்துது. அதான் மேல ஏறி வந்தேன். இந்த மரத்துல நல்லா இருந்துது. பொறுக்கினேன். அப்பறம் இப்டி குந்திக்கினு டேங்க்கப் பாத்தேன். அவ அங்க கீறா, நான் பயம் எடுத்துக்கினு போப் போறேன்னு நெனச்சிக்கினு. கொஞ்ச நேரம் சொம்மா குந்திக்கினு இருந்தேன் மச்சான். ரொம்ப நாளைக்கி அப்பறம் நெஞ்சு லேசா இருந்துது."

பிறகு என் பக்கம் பார்க்காமலே கேட்டார்.

"நீ படிச்சவன். ஒனக்கு ரெண்டும் வேற வேறயா காதுல வியும். அவ சொன்னது துன்ற பயமா, இல்ல அந்தப் பயமா? எனக்கு அது தெரியணும். வேற ஒண்ணும் ஓணாம்."

தெரியாததைத் தெரியாது என்றும், கேட்டதைக் கேட்டபடியும் எழுதுவதுதான் என் வழக்கம். யாருக்காகவும் ஒரு தேதியை நான் மாற்றியதில்லை. ஆனால் இங்கே நான் கேட்டது என்ன? என்னிடம் மட்டும் நாக்கைச் சுருட்டிப் பழ்ழ்ழம் என்று சொல்லுகிறவள், அன்று என்னிடம் பயம் என்றாள். அதை வைத்து முடிவு கட்டிவிடலாம். அல்லது நாக்கைச் சுருட்டவும் அவளுக்குத் தெம்பில்லை என்று சொல்லலாம். இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

"தெரியல மாமா. சத்தியமா தெரியல."

"அவ எதுக்காவது பயந்தேன்னு வாயத் தொறந்து சொன்னவளா? பாறமேல கூட ஒத்துக்க மாட்டாளே. அதான் நான் துன்ற பயம்னே நெனச்சிட்டேன். வேற மாரி தோணவே இல்ல." பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நான் போனப்பறம் இன்னா செஞ்சா?"

"என் கையப் புடிச்சிக்கிட்டா. கடைசி வரைக்கும் விடல."

இதை அவருக்கு ஒரு சமாதானமாகத்தான் சொன்னேன். தனியாகப் போகவில்லை, ஒரு கையைப் பிடித்துக்கொண்டுதான் போனாள் என்று. மாமா என் பக்கம் திரும்பினார். சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டு இடது கையை என் முன்னால் நீட்டினார்.

"எப்டிப் புடிச்சா? காட்டு."

நான் யோசிக்கவில்லை. என் உடம்புக்கு அது நினைவிருந்தது. நாலு விரல் மேலே, கட்டைவிரல் கீழே, நகம் நாடி ஓடுகிற இடத்தில். அன்று எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு. செய்து முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது. கையை எடுக்கப் பார்த்தேன். அவர் தன் மறு கையை என் விரல்களின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார், எடுக்க விடாமல்.

"பாற" என்றார்.

கீழே எங்கோ ஒரு மயில் கத்தியது.

"பாறகிட்ட புடிக்கிற புடி இது. அவ அங்க பாறய தாண்டிக்கினு இருந்துருக்கா மச்சான். நான் இங்க டேங்க்கப் பாத்துக்கினு குந்திக்கினு இருந்துருக்கேன்."

"நீங்க அவளுக்காகத்தானே மாமா போனீங்க" என்றேன். அவர் தலையை ஆட்டினார். அதை மறுக்கவில்லை. அது அவருக்குத் தேவைப்படவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் அப்படியே டேங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறி அதன் நீலம் கண்ணைக் கூசவைக்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். மரத்தடியில் பழம் உதிர்ந்துகொண்டே இருந்தது. நான் ஒன்றை எடுக்கக் குனிந்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இறங்கும்போது அவர்தான் முன்னால் போனார், எப்போதும் போல. வழுக்குப் பாறையின் விளிம்பில் நின்றார். திரும்பிப் பார்க்காமலே இடது கை பின்பக்கம் நீண்டது, மணிக்கட்டு மேலாக, யாரோ பிடித்துக்கொள்வதற்கு வசதியாக. அதில் என் நகத்தின் சிவப்பு இன்னும் மறையவில்லை. கொஞ்சம் கழித்து அந்தக் கையை அவரே பார்த்தார். மடக்கிக்கொண்டார்.

பிறகு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பாறையில் எத்தனையோ ஆனிகள் நிமிர்ந்து நடந்தே இறங்கியவர்.

"இன்னா மாமா?"

"பயமா கீது, மச்சான்."

நான் அவரைத் தாண்டிக் கீழே இறங்கி நின்று கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.